எச்ஆர்டி எஃப்112: கடைசி இடத்துக் காரின் சிறு மாதிரி

ஒரு புள்ளிகூடப் பெறாமல் ஃபார்முலா ஒன் பந்தயத்திலிருந்து வெளியேறிய எச்ஆர்டி அணியின் கடைசிக் காரான எஃப்112-இன் சிறு மாதிரிக்கு, பட்டம் வென்ற கார்களின் மாதிரிகளுக்கு இணையான விலையைக் கேட்கிறார்கள். நரேன் கார்த்திகேயன் ஓட்டிய கார் என்பதற்காக மட்டும் அந்த விலையைக் கொடுத்துவிட முடியாது. இணையவழியில் வாங்கிய 1:43 அளவு (அசலில் 43இல் ஒரு பங்கு) ரெசின் மாதிரியை, வேலூரில் ஒரு கோடை முழுவதும் அலமாரியில் வைத்துப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

வடிவத்தில் குறை சொல்ல இடமில்லை. 2012ஆம் ஆண்டின் விதிப்படி மூக்கின் முனை 550 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்றானதால், பெரும்பாலான அணிகளின் கார்களில் ஓட்டுநருக்கு முன்னால் ஒரு படி உருவானது. இந்த அளவில் அந்த இறக்கம் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. ஆனாலும் அதன் விளிம்பு மழுங்காமல் நிற்கிறது. வெள்ளை, பொன், அடர்சிவப்பு வண்ணங்களும் 23 என்ற எண்ணும் சரியாக அமைந்துள்ளன. விளம்பரதாரர்கள் அதிகம் கிடைக்காத அணி என்பதைப் பக்கவாட்டில் விடப்பட்ட வெற்றிடமே சொல்லிவிடுகிறது. அதை அழகுபடுத்தாமல் விட்டதற்காகத் தயாரிப்பாளரைப் பாராட்டலாம்.

பிழை சக்கரங்களில் இருக்கிறது. மோதல் சோதனையில் தேறத் தாமதமானதால் பருவத்துக்கு முந்தைய பயிற்சிகளைத் தவறவிட்ட இந்தக் கார், முதல் பந்தயமான மெல்பர்னில் 107 சதவீத விதியை (தகுதிச் சுற்றின் மிக வேகமான நேரத்தில் 107 சதவீதத்துக்குள் ஒரு சுற்றை முடிக்க வேண்டும் என்பது) நிறைவேற்ற முடியாமல் பந்தயத்தில் கலந்துகொள்ளவே இல்லை. காஸ்வொர்த் எஞ்சின் இருந்தும், கெர்ஸ் எனப்படும் ஆற்றல் மீட்புக் கருவி இல்லாமல் ஓடிய கார் இது. அடுத்த பந்தயமான மலேசியாவில், முழு மழைச் சக்கரங்களுடன் கடைசி வரிசையில் புறப்பட்ட நரேன், கனமழையால் பந்தயம் நிறுத்தப்பட்டபோது பத்தாவது இடத்தில் இருந்தார். மொனாக்கோவில் பெற்ற 15ஆம் இடம்தான் முடிவுப் பட்டியலில் இந்தக் காரின் உச்சம் என்றாலும், பலர் நினைவில் வைத்திருப்பது மலேசியப் பந்தயம் நடந்த செப்பாங் தளத்தின் மழையைத்தான். இந்த மாதிரியின் பீடத்தில் மலேசியா என்று அச்சிட்டுவிட்டு, உலர்தளச் சக்கரங்களைப் பொருத்தியிருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் சென்னை செல்லும் வழியிலேயே இருப்பதால், எங்கள் பக்கத்துப் பந்தய ரசிகர்கள் இதை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டாவது குறை வெப்பம். அக்னி நட்சத்திர நாட்களில் பின்னிறகின் ஒரு முனை லேசாகத் தொய்ந்தது; மூக்கிலிருந்த ஒட்டுப்படத்தின் ஓரமும் எழும்பியது. மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரியில் இதை வைப்பவர்கள் இடத்தை மாற்றிக்கொள்வது நல்லது. விற்பனையாளருக்குப் படத்துடன் எழுதியும் பதில் வரவில்லை.

அணி 2012 நவம்பர் 25 அன்று பிரேசிலில் 17, 18ஆம் இடங்களுடன் முடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டுப் பட்டியலில் அதன் பெயர் இல்லை. புதிய மாதிரிகள் இனி வரும் வாய்ப்பு குறைவு என்பதால், நரேனின் ரசிகர்கள் விலை பாதியாக இறங்கும்போது வாங்கலாம். நீலப் பட்டையிட்ட மழைச் சக்கரங்களை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்க வேண்டாம். அச்சுகள் பசையால் ஒட்டப்பட்டுள்ளன.