நாற்று விடக் குழித்தட்டும் கோகோபீட்டும் ஆன்லைனில் வாங்கப் போகிறீர்களா, ஒரு நிமிடம்

இப்போதுதான் பார்த்தேன், என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

2,340 ரூபாய். மாடித்தோட்டச் சாமான் விற்கிற ஒரு ஆன்லைன் கடை. ஆடிப்பட்டத்துக்குக் கத்தரியும் மிளகாயும் நாற்று விட, 5 கிலோ கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) கட்டி இரண்டு, 98 குழி உள்ள நாற்றுத் தட்டுகள், ஒரு மூட்டை மண்புழு உரம். போனில் பேசிய பையன் “எந்த ஊர் அக்கா? கும்பகோணமா? எங்க அம்மா பாபநாசம்தான்” என்றான். “பேராவூரணி சரக்கு அக்கா, நல்லா அலசி உப்பு எடுத்தது, கண்ணை மூடிக்கிட்டு விதை போடுங்க, ஆடி நேரம் ஸ்டாக் நிக்காது, பணத்தை இப்பவே போட்டுடுங்க” என்றான். நம்ம ஊர்ப் பேச்சு, நம்பிப் போட்டேன்.

வந்த தட்டில் பாதிக் குழிகளுக்கு அடியில் ஓட்டையே இல்லை, நிரப்பித் தூக்கினால் நடுவில் கிழிகிறது. 5 கிலோ கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் உப்ப வேண்டும், இது அதில் பாதிகூட வரவில்லை. காய்ந்ததும் மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. முளைத்த நாற்றெல்லாம் இலை ஓரம் கருகிச் செத்தது. அம்மா வருடா வருடம் பழுக்கவிட்டு எடுத்து வைக்கும் நாட்டுக் கத்தரி விதை அது, கடையில் கிடைக்காது.

கேட்டால் முதலில் “தண்ணி ஜாஸ்தி ஊத்தியிருப்பீங்க”. அப்புறம் “உங்க ஊர் தண்ணி உப்பு”. அதே விதை, அதே கிணற்றுத் தண்ணீர், செம்மண்ணும் மக்கின எருவும் கலந்த பழைய தொட்டியில் ஜம்மென்று நிற்கிறது, போட்டோவும் அனுப்பினேன். உடனே “பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?” அப்புறம் “ஓனர் ஊர்ல இல்லை”. இப்போது பிளாக். 2,340 ரூபாய்!

சரி, வாங்குகிறவர்களுக்கு: கோகோபீட்டை ஊறவைத்துப் பிழிந்து பல தண்ணீர் மாற்றுங்கள், நல்ல விதையைப் போடுமுன் நாலு வெந்தயம் போட்டு, முளைத்துக் கருகாமல் நிற்கிறதா என்று பாருங்கள். மண்புழு உரத்தை டம்ளர் தண்ணீரில் கரைத்தால், மணல் கலந்திருந்தால் அது அடியில் தங்கிவிடும், எனக்குத் தங்கியது. பொருள் கைக்கு வராமல் பணம் போடாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கப் போகிறேன். இதேபோல் மாட்டியவர்கள் பில்லையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்து நீங்களும் கொடுங்கள்.