மூன்றாவது கம்பியும் ஆறு வருடமும்

"எலக்ட்ரிக் கிட்டார் வாங்கலாம்னு இருக்கேன். எந்த பிக்கப் நல்லா இருக்கும்?" என்று நண்பன் கேட்ட நேரம் சரியில்லை. (பிக்கப் என்றால் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்.) இரண்டு நாள் முன்புதான் என் கிட்டாரை ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கி வந்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த வேலை. அதைச் செய்யாமல்தான் ஆறு வருடம் அவதிப்பட்டிருக்கிறேன் என்று தெரிந்தபிறகு, பிக்கப்பைப் பற்றிப் பொறுமையாகப் பேச யாருக்கு மனசு வரும்?

என்னுடையது லெஸ் பால் என்ற மாடலின் வடிவம். இரண்டு ஹம்பக்கர் (ஒருவகைப் பிக்கப்), 24.75 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்), தலையில் பக்கத்துக்கு மூன்று பெக் (கம்பியை இறுக்கும் திருகு). செய்த கம்பெனியின் பெயர் வேண்டாம். இந்த வடிவத்தில் வரும் பல கிட்டார்களுக்கும் உள்ள வியாதிதான். மூன்றாவது கம்பி, அதாவது ஜி, சுருதியில் நிற்காது. சுருதி காட்டும் ட்யூனரில் பச்சை எரியும். ஒரே ஒரு பெண்ட் (கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றுவது) இழுத்து விட்டால் போதும், கம்பி பழைய இடத்துக்குத் திரும்பாமல் கொஞ்சம் இறங்கி நிற்கும். நாலு பேர் முன்னால் வாசிக்கும்போது பாட்டுக்குப் பாட்டு குனிந்து அந்த ஒரு பெக்கைத் திருகுவதே என் மேடைப் பழக்கமாகிவிட்டது.

நியாயமாகச் சொன்னால் எல்லாப் பழியும் கிட்டார்மேல் இல்லை. ஈ மேஜர் கார்டில் மூன்றாவது கம்பி பிடிப்பது அந்தர காந்தாரத்தை. அரைச்சுரங்களைச் சமமாகப் பிரித்து ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகக் கட்டை) அடித்த எந்தக் கிட்டாரிலும் அது தூய காந்தாரத்தைவிட 14 சென்ட் அளவு ஏறித்தான் நிற்கும் (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்). காது கொஞ்சம் கூர்மையானவர்கள் அதைச் சரிசெய்ய ஜி கம்பியை ஒரு பொட்டு இறக்குவார்கள். உடனே திறந்த ஜி வரும் கார்டெல்லாம் கசக்கும். இந்தச் சமாதானத்தைச் சொல்லிச் சொல்லியே நான் பாதி வருடங்களை ஓட்டினேன்.

மீதியை ஓட்டியது தப்பான வைத்தியம். முதலில் கம்பியை மாற்றினேன். பிறகு மெல்லிய 9 செட்டிலிருந்து தடித்த 10க்குப் போனேன். பிறகு பெக் ஆறையும் கழற்றி, 18:1 பல் விகிதத்தில் புதிதாக மாட்டினேன். திருகுவது வெண்ணெயாக இருந்தது, சுருதி மட்டும் வழக்கம்போலக் கலைந்தது. யாரோ சொன்னார்கள் என்று நட்டின் (கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தேன். ஒரு வாரம் ஒழுங்காக இருந்தது! அங்கேயாவது மூளை வேலை செய்திருக்க வேண்டாமா?

ரிப்பேர்காரர் பெக்கை மெல்லத் திருகினார். நட் பக்கத்திலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். "பெக்குல ஒண்ணும் இல்லைங்க, பள்ளம் கம்பியைக் கடிக்குது" என்றார். அவ்வளவுதான். இந்த வடிவத்தில் தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும். டி, ஜி கம்பிகள் நட்டைத் தாண்டியதும் வெளிப்பக்கமாகவும் ஒடிந்து போகவேண்டும். இரண்டு வளைவும் சேரும் இடத்தில் பள்ளம் குறுகலாக இருந்தால் கம்பி சிக்கிக்கொள்ளும். நானோ தடித்த கம்பி மாட்டி அதை இன்னும் இறுக்கியிருக்கிறேன். பழைய பிளாஸ்டிக் நட்டைத் தட்டி எடுத்துவிட்டு, எலும்பு நட் வைத்து, ஒவ்வொரு கம்பிக்கும் அளவான அரத்தால் பள்ளம் வெட்டினார்.

1954இல் வந்த ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராடோகாஸ்டர் மாடலில் ஆறு பெக்கும் ஒரே பக்கம், கம்பி நேராகப் போகும், இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதில் ட்ரெமலோ கைப்பிடி என்று வேறொரு தொல்லை உண்டு. பெயரே தப்பு: ட்ரெமலோ என்றால் ஒலியளவு ஏறி இறங்குவது, அந்தக் கைப்பிடி ஆட்டுவதோ சுருதியை. பெயர் வைத்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பதை நினைத்தால் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வருகிறது.

நண்பன் கேட்ட பிக்கப்புக்கு வருகிறேன். பொறியாளர் செத் லவர் 1955இல் காப்புரிமை கேட்ட ஹம்பக்கரில் இரண்டு சுருள். மின்சாரத்தின் 'ம்ம்ம்' இரைச்சல் ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் விழுந்து அடிபட்டுப் போகும். ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்பில் அந்த இரைச்சல் இருக்கும், கூடவே ஒரு பளிச்சென்ற ஒலியும் இருக்கும். எது பிடிக்கிறதோ அதை எடு. பிடிக்காவிட்டால் நாலு திருகும் ஒரு சால்டரிங் கம்பியும் போதும், மாற்றிவிடலாம். ஒட்டிவைத்த கழுத்தை அப்படி மாற்ற முடியாது. என் கிட்டாரின் கழுத்து என் உள்ளங்கைக்கென்றே செதுக்கியதுபோல இருக்கும். நாலு கிலோ எடையில் தோள் கழன்றாலும் இடது கை மட்டும் ஒருநாளும் புகார் சொன்னதில்லை. ஆறு வருடம் இதை வீசியெறியாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

ஆகவே கடையில் ஆம்பில் (ஒலிபெருக்கியில்) செருகுவதற்கு முன்னால் வெறும் கிட்டாராகப் பத்து நிமிடம் வாசி. ஜி கம்பியைச் சுருதி சேர்த்துவிட்டு, நட்டுக்கும் பெக்குக்கும் நடுவே விரலால் ஒரு அழுத்து அழுத்தி விடு. திரும்பவும் மீட்டிப் பார். சுருதி ஏறியே நின்றால் பள்ளம் கடிக்கிறது. அந்த 'டிக்' கேட்டாலும் அதே கதைதான். விற்பவர் பெக்கைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார், விடாதே.

இப்போது என்னுடையது நிற்கிறது. நேற்று இரண்டு மணி நேரம் முழுச்சுர பெண்டாகவே இழுத்துப் பார்த்தேன், ஒரு தடவைகூடக் குனியவில்லை. இதைவிட நல்ல கிட்டார் என் கைக்கு வந்ததில்லை. ஆனால் இதே மாடலை வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம். இத்தனை அழகாகக் கழுத்தைச் செதுக்கத் தெரிந்தவர்களுக்கு அரை மில்லிமீட்டர் பள்ளத்தை ஒழுங்காக வெட்டத் தெரியாதா? அடுத்த மாதம் கேட்டால் ஒருவேளை வாங்கு என்பேன்.