போகார்ட், மிர்னா லாய் பைத்தியங்களுக்கு: வார்னர் ஆர்கைவ் டிஸ்க் வாங்கலாமா?

பதினாறு, பதினேழு வயதில் பழைய ஹாலிவுட் பித்துப் பிடித்தவர்கள் முதலில் போய் விழுவது இணையத்தில் கிடைக்கும் மங்கல் பிரதிகளில்தான். முகமே சரியாகத் தெரியாத நட்சத்திரத்தை எவ்வளவு நாள் ரசிப்பது? அங்கிருந்து மேலேற, வார்னர் பிரதர்ஸ் தன் கைவசமுள்ள பழைய படங்களை டிஸ்க்கில் வெளியிடும் லேபிளான வார்னர் ஆர்கைவ் கலெக்‌ஷன் நல்ல படிக்கட்டு. ஆனால் அந்தப் பெயரில் இரண்டு விதமான சரக்கு வருகிறது. எது என்று பார்க்காமல் வாங்கினால் காசு வீண்.

2009இல் இந்த லேபிள் தொடங்கியபோது விற்றது, ஆர்டர் வந்தபின் வெற்று டிஸ்க்கில் லேசரால் எரித்துப் பதிந்து கொடுக்கும் டிவிடி-ஆர். பெரும்பாலும் கைவசம் இருந்த பழைய வீடியோ மாஸ்டரையே (டிஸ்க்குக்கு மூலமான பிரதி) அப்படியே போட்டார்கள். டிஸ்க்கின் அடிப்பக்கம் ஊதா அடித்தால் அது எரித்தது என்று அர்த்தம். சாயப் பூச்சில் பதிவதால் வெயிலும் சூடும் அதற்கு ஆகாது. சில பிளேயர்கள் படிக்கவே அடம்பிடிக்கும். பிறகு வந்த ப்ளூ-ரேக்கள் வேறு ரகம். ஆலையில் அழுத்தியவை, பெரும்பாலும் ரீஜன் பூட்டும் (குறிப்பிட்ட நாட்டு பிளேயரில் மட்டும் ஓடும் கட்டுப்பாடு) இல்லை. ஒரே படம் இரண்டிலும் கிடைத்தால் யோசிக்க வேண்டாம், ப்ளூ-ரேதான்.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க ‘தி தின் மேன்’ (1934) போதும். கிறிஸ்துமஸ் காலையில் வில்லியம் பவல் சோபாவில் படுத்துக்கொண்டு, மரத்தில் கட்டிய பலூன்களைப் பொம்மைத் துப்பாக்கியால் சுடுவார். எதிரே மிர்னா லாய் புது ஃபர் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருப்பார். பழைய டிவிடியில் அந்தக் கோட் ஒரு கறுப்புத் திட்டு. ப்ளூ-ரேயில் மயிர் மயிராகப் பிரிந்து தெரிகிறது. ஜேம்ஸ் வாங் ஹோ ஒளிப்பதிவில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே எத்தனை சாம்பல் இருக்கிறது என்பது அப்போதுதான் புரியும்.

பாதிக் குறை டிஸ்க்கில் இல்லை, டிவி செட்டிங்கில் இருக்கிறது. 1953க்கு முந்தைய படங்கள் ஏறக்குறைய எல்லாமே 1.37:1 வடிவம், அதாவது உயரத்தைப்போல 1.37 மடங்கு அகலம். 1920 பிக்சல் அகலத் திரையில் படம் சுமார் 1480 பிக்சல்தான் பிடிக்கும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் வேண்டும். அதை நிரப்ப ‘ஸூம்’ வைத்தால் தலை வெட்டுப்படும், ‘ஸ்ட்ரெச்’ வைத்தால் ஒல்லி நடனக்காரர் ஃப்ரெட் அஸ்டேர் குண்டாகிவிடுவார். அடுத்து மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். அது நொடிக்கு 24 ஃபிரேமுக்கு நடுவில் இல்லாத ஃபிரேம்களைச் செருகி, படத்தை டிவி சீரியல் மாதிரி ஆக்கிவிடும். நாய்ஸ் ரிடக்‌ஷனும் வேண்டாம். திரையில் மணல் தூவியதுபோலத் தெரிவது பழுதல்ல, ஃபிலிமின் இயல்பு. அதை வழித்தால் முகத்தின் நுணுக்கமும் சேர்ந்து போகும். ஷார்ப்னெஸ்ஸை இறக்கி, கலர் டெம்பரேச்சரை ‘வார்ம்’ பக்கம் வையுங்கள், கறுப்பு வெள்ளைப் படம் நீலம் பூக்காது. ஒலி மோனோ. சவுண்ட்பாரில் சரவுண்ட் எஃபெக்ட் போட்டால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

‘மிஸ்டரி ஆஃப் தி வாக்ஸ் மியூசியம்’ (1933) வாங்கியவர்கள் நிறம் கெட்டுப்போனதென்று திருப்பி அனுப்ப வேண்டாம். அது இரண்டு நிற டெக்னிகலர், அந்தக் காலத்து வண்ணப்பட முறை. ஆரஞ்சு சாயலும் பச்சை கலந்த நீலமும்தான் அதில் பதியும். சுத்தமான நீலமோ மஞ்சளோ எதிர்பார்க்கக் கூடாது. நடிகை ஃபே ரேயின் சருமத்துக்கு அந்தக் குறை நிறமே தனி அழகு. பிற்காலத்து மூன்று நெகட்டிவ் டெக்னிகலரில் சிக்கல் வேறு. மூன்று சுருள்களும் வருடக் கணக்கில் வெவ்வேறு அளவில் சுருங்கிவிடுவதால், பழைய மாஸ்டர்களில் உருவத்தின் ஓரத்தில் நிறக் கோடு கசியும். ரிஸ்டொரேஷனில் மூன்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறார்கள்.

பிடித்த நட்சத்திரம் இந்த லேபிளில் இருப்பாரா என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பழைய வார்னர், ஆர்கேஓ ஸ்டூடியோ படங்களும் 1986க்கு முந்தைய எம்ஜிஎம் ஸ்டூடியோ படங்களும் இந்தக் கிடங்கில். ஆகவே பெட் டேவிஸ், காக்னி, கார்போ, ஜூடி கார்லண்ட் ரசிகர்களுக்கு விருந்து. மார்லின் டீட்ரிச்சின் 1930களின் பாராமவுண்ட் படங்களைத் தேடினால் கிடைக்காது; பாராமவுண்டின் 1929–1949 பேசும் படங்களில் பெரும்பகுதியை 1958இல் எம்சிஏ நிறுவனம் வாங்கியது, அவை இன்று யூனிவர்சலிடம். ‘காஸாபிளாங்கா’ மாதிரிப் பெருந்தலைகள் வார்னரின் தாய் லேபிளில் வரும்.

கூடுதல் சமாச்சாரங்களில் கஞ்சத்தனம் தெரிகிறது. டிரெய்லர், ஒரு கார்ட்டூன், ஒரு குறும்படம், சிலதில் பழைய ரேடியோ நாடகம், பெரும்பாலும் அவ்வளவே. சப்டைட்டில் பொதுவாக ஆங்கிலம் மட்டும். 1930களின் பேச்சு வேகத்துக்கு அதுவாவது இருப்பது புண்ணியம்.

செகண்ட்ஹேண்ட் டிவிடி பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும்போது கொஞ்சம் நிதானம். 2006 முதல் 2008 வரை அழுத்திய வார்னர் டிவிடிகள் சில கெட்டுப்போவதை நிறுவனமே 2025இல் ஒப்புக்கொண்டது. மேலே கீறலே இருக்காது. படம் பாதியில் உறைந்து நிற்கும். முதல் ஐந்து நிமிடம் ஓடுகிறதே என்று நம்பாமல், வந்த அன்றே கடைசிக் காட்சிவரை ஓட்டிப் பாருங்கள், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள்.