ஏழு பனிக்காலம் உழைத்த பீக்கனும் அதன் பேட்டரி மூடியும்

"புதுசு வாங்கப் போறேன்னு சொன்னியே, உன் பழைய பீக்கனை எனக்குத் தர்றியா?" என்று நண்பன் கேட்டான். இரண்டு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. பீக்கன் என்பது பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க மார்பில் கட்டிக்கொள்ளும் சிறு ரேடியோ கருவி; நடக்கும்போது சிக்னல் ஒலிபரப்பும், தேடும்போது மற்றவர் சிக்னலை வாங்கும்.

மூன்று ஆன்டெனா, 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை. அதெல்லாம் அவனுக்குத் தெரியும். தேடுவதில் இதைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். பயிற்சிக்காக இன்னொரு பீக்கனை உள்ளே வைத்துப் புதைத்த பையை நோக்கி அம்புக்குறி வளைந்து வளைந்துதான் கூட்டிப்போகும். சிக்னலின் காந்தப்புலக் கோடுகளே அப்படி வளைந்தவை. புதிதாகப் பழகுகிறவர்கள் கருவி உளறுகிறது என்று நினைத்து நேர்வழி பிடித்து நடந்து குழம்புவார்கள். கடைசி மூன்று மீட்டரில் குனிந்து, பனியை ஒட்டியபடி மெதுவாக நகர்த்தினால் சத்தம் இறுகிக்கொண்டே வரும். அந்தச் சத்தத்துக்காகவே இத்தனை வருஷம் இதை மாற்றவில்லை.

ஆனால் பேட்டரி! மூடியைத் திறக்க நாணயத்தைச் செருகித் திருக வேண்டும். மலைச்சரிவில் கையுறையோடு நிற்கிறவன் நாணயத்துக்கு எங்கே போவான்? போகட்டும், அங்கே யாரும் பேட்டரி மாற்றப்போவதில்லை. சதவீதம்தான் ஆளைக் கொல்கிறது. கிளம்பும்போது 78. மேலே குளிர் ஏறியதும் 51. திரும்பி வந்து அறையில் பார்த்தால் 70. குளிரில் அல்கலைனின் மின்னழுத்தம் இறங்கும், கருவி அதைத்தான் சொல்கிறது, பொய் இல்லை. தெரிந்தும் வயிறு கலங்குகிறது. லித்தியம் போடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அது கடைசிவரை நிறைந்த மாதிரி காட்டிவிட்டுச் சட்டென்று படுத்துவிடும். கையேடே கூடாது என்கிறது. அதனால் 60-க்குக் கீழே போனதும் கழற்றிவிடுகிறேன். வீட்டில் மூன்று சுவர்க்கடிகாரங்கள் இந்த மிச்சத்தில்தான் ஓடுகின்றன.

போன கோடையில் பேட்டரியை எடுக்காமல் அலமாரியில் வைத்துவிட்டேன். கசிந்து, தகடெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாணய மூடி மட்டும் இல்லாதிருந்தால் நான் சோம்பல்பட்டிருக்க மாட்டேன். பழுது பார்த்தவர்கள் தகட்டை மாற்றி, அலைவரிசையும் ±80 ஹெர்ட்ஸுக்குள் நிற்கிறது என்று சோதித்துத் தந்தார்கள். இப்போது புதுசு போல வேலை செய்கிறது.

அப்படியானால் தரலாமே என்பாய், நண்பா. தர மாட்டேன். ஒருமுறை அரித்த கருவியை உன் மார்பில் கட்டிவிட்டு நான் நிம்மதியாகப் பின்னால் வர முடியாது. புதைந்தவனுக்கு முதல் 10, 15 நிமிஷம்தான். அந்த நேரத்தில் உன் பீக்கன் ஒலிபரப்புகிறதா என்று நான் யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது. புதுசு வாங்கு. இதே மாடல் வேண்டாம், கையால் திறக்கிற மூடி உள்ளதாகப் பார். புரோப்பும் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி) அலுமினிய ஷவலும் என்னிடம் கூடுதலாக இருக்கின்றன, எடுத்துக்கொள். ஃபோனை பீக்கனுக்கு 20 சென்டிமீட்டருக்குள் வைக்காதே; தேடும்போது 50.

நான் புதுசு வாங்குவதாகச் சொன்னது பேட்டரி கசிந்த கோபத்தில். சனிக்கிழமை இதையேதான் கட்டிக்கொண்டு வருகிறேன். காலையில் எல்லாருடைய பீக்கனையும் சோதிக்கும்போது என்னுடையதை நீயே இரண்டு தடவை சோதித்துவிடு.