வைரத்துக்கும் வெள்ளைக்கும் ஒரே விலை: மாங்குளம் பக்கத்து மரக்காலை ஒன்று

வன்னியில் மாங்குளத்துக்கு அண்மையில் உள்ள இந்த மரக்காலையில் ஈராண்டுகளில் மூன்று தடவை மரம் வாங்கியிருக்கிறேன். பனங்கைமரமும், பழைய வீடுகளில் கழற்றிய முதிரை நிலைகளும் தரமானவை; அளவிலும் குறைவில்லை.

குறை தேக்கில்தான். கட்டில் செய்து ஏழாம் மாதம், அதன் காலடியில் அரிசிமா போன்ற தூள் கொட்டிக் கிடந்தது. கறையான் என்றார் மனைவி. கறையான் மண்ணைக் கொண்டுவரும், இப்படி மா கொட்டாது. இது லிக்டஸ் என்னும் சிறு வண்டின் வேலை. மரத்தின் வெள்ளைப் பகுதியிலுள்ள நுண்துளைகளில் அது முட்டையிட, புழுக்கள் அங்குள்ள மாச்சத்தைத் தின்று வளர்ந்து, குண்டூசித் தலையளவு ஓட்டைகளால் வண்டாக வெளியேறுகின்றன. எங்கள் பலகையில் அந்த ஓட்டைகள் மண்ணிற வைரம், அதாவது மரத்தின் கடினமான பகுதி, தொடங்கும் இடத்தில் கோடு கிழித்தாற்போல நின்றிருந்தன. பனையில் வைரம் வெளியே, தேக்கில் உள்ளே. எனவே தேக்குப் பலகையின் ஓரம் வெளுத்திருந்தால் அது வண்டுக்குப் போட்ட சோறு.

சிங்கராசா போன்ற ஈரக்காடுகளில் விழுந்த மரம் ஆண்டு முழுதும் நனைந்திருப்பதால், உக்கல் தின்னும் வண்டுகள் அங்கே செழிக்கின்றன. வன்னியிலோ மாரி ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான். எஞ்சிய மாதங்களில் காய்ந்து கிடக்கும் மரம், காய்ந்ததைத் துளைப்பவற்றுக்கே வசதியாகிறது. ஆனால் இம்மரக்காலையில் எல்லா வகைக்கும் இடமுண்டு. பட்டை உரிக்காத குற்றிகளருகே நின்றால் நீள்கொம்பு வண்டின் புழுக்கள் கறுக் கறுக்கென்று கடிப்பது கேட்கும். உரித்து அடுக்கியிருந்தால் அவை முட்டையிட வந்திராது. பின்புறத்தில் உக்கிக் கிடக்கும் தென்னங்குற்றியொன்றைப் புரட்டியபோது, பெருவிரல் பருமனில் காண்டாமிருக வண்டின் புழுக்கள் சுருண்டிருந்தன. அந்த வண்டுகள் குருத்தைத் துளைக்கும் இளந்தென்னைகள் அடுத்த வளவில் நிற்கின்றன என்பதை முதலாளி யோசித்ததாகத் தெரியவில்லை.

முறையிட்டபோது, "வெயிலில காயப் போடுங்கோ ஐயா, சரிவரும்" என்றார். பலகையின் உள்ளே வெயில் எட்டாது என்று விளக்கிய பின், தகராறில்லாமல் இரண்டு பலகை மாற்றித் தந்தார். ஏற்றுக்கூலி மட்டும் என் தலையில். இறப்பர் பலகையைப் பதப்படுத்தியது என்று விற்கிறார்கள்; வண்டைத் தடுக்கும் போராக்ஸ் உப்பு ஏற்றியதா, வெறும் எண்ணெய் பூசியதா என்பது பற்றுச்சீட்டில் இல்லாததால் நான் எடுக்கவில்லை.

பனைக்கும் பழைய முதிரைக்கும் மறுபடி போவேன். தேக்கு வாங்குவதானால், வெள்ளையை அங்கேயே அரிந்து தள்ளச் சொல்லி, மீந்த அகலத்துக்கு மட்டும் காசு பேசுவேன்.