அறிவொளி வீதி நாடகமா, வாட்ஸ்அப் நோட்டீஸா?

படிக்கத் தெரியாத அப்பத்தாகிட்ட "எழுதப் படிக்க வாங்க"ன்னு நோட்டீஸ் குடுத்தா அவுக என்ன செய்வாக, அடுப்பு பத்த வைக்கத்தான் ஆகும். 15 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்காக 2022ல வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், தன்னார்வலர்களை வச்சு சொல்லிக் குடுக்குறது, நல்ல விஷயந்தேன், ஆனா உசிலம்பட்டி பக்கம் எங்க ஊர்ல சேதி வாட்ஸ்அப் குரூப்போட நின்னுபோச்சு.

பெரியவங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்த அறிவொளி இயக்கம் அப்படியில்ல, 90கள்ல பாட்டு, நாடகம்னு தெருவுக்கே வந்துச்சு, புதுக்கோட்டையில பொம்பளைகளுக்கு சைக்கிள் ஓட்டவே கத்துக்குடுத்தாங்க, படிச்சா என்ன கிடைக்கும்னு தனியா விளக்கணுமா என்ன!

செலவுன்னு பாத்தா வாட்ஸ்அப் சல்லிசு, மறுக்கல. ஆனா என் ஓட்டு தெருவுக்குத்தான். நூறு நாள் வேலை நடக்குற எடத்துல, சாப்பாட்டு நேரத்துல ஒருத்தர் போயி பத்து நிமிஷம் பேசுனாலே போதும், கூட்டம் சேந்துரும்.