பழைய டோர் மாட்யூல் வாங்குகிறவர்கள் உஷார்: எனக்கு 18,500 ரூபாய் போச்சு

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய கார் பாகங்கள் விற்கும் ஒரு ஆன்லைன் கடை, ஒரு டோர் மாட்யூலுக்காக (கதவுக்குள் இருந்து கண்ணாடியையும் லாக்கையும் இயக்கும் மின்னணுப் பெட்டி) என்னிடம் 18,500 ரூபாயை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டது.

என்னுடையது ஜெர்மன் செடான். இடது பக்கம் முன் கதவு, பின் கதவு இரண்டிலும் ஒரே நேரத்தில் கண்ணாடி வேலை செய்யாமல் போனது, ரிமோட்டில் லாக்கும் விழவில்லை. முன் கதவை அகலத் திறந்தால் மட்டும் எப்போதாவது உயிர் வரும். இதை அப்படியே கடைக்காரரிடம் சொன்னேன். "முன் டோர் மாட்யூல் போயிடுச்சு சார், நம்மகிட்ட ஒரிஜினல் இருக்கு, மாட்டுனா போதும்" என்றார். வீடியோவும் வந்தது: மேஜைமேல் மாட்யூலும் மோட்டாரும் சேர்ந்த செட், பக்கத்தில் பேட்டரி, வயரைத் தொட்டதும் மோட்டார் விர்ரென்று சுற்றுகிறது. அதைப் பார்த்துத்தான் பணம் அனுப்பினேன்.

மாட்டினோம், ஒன்றும் அசையவில்லை. வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில், மாட்யூலோடு 'தொடர்பு இல்லை' என்றே வந்தது. கடைக்காரரைக் கேட்டால் "கோடிங் பண்ணணும் சார், அது உங்க மெக்கானிக் வேலை" (மாட்யூலை வண்டிக்கு ஏற்ப மென்பொருளில் அமைப்பதுதான் கோடிங்). அப்புறம் "எலக்ட்ரிக்கல் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது". அப்புறம் நீல டிக் மட்டும், அதன்பின் அதுவும் இல்லை.

கடைசியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் விளக்கினார். இந்த வண்டியில் டிரைவர் ஸ்விட்சிலிருந்து இடது கண்ணாடிக்கு நேர் வயரே கிடையாது. ஸ்விட்சை அழுத்தினால் டிரைவர் கதவின் மாட்யூல் 'கேன்' என்கிற முறுக்கிய ஜோடி வயரில் செய்தி போடும், இடது முன் கதவின் மாட்யூல் அதை எடுத்துத் தன் மோட்டாரைச் சுற்றும். பின் கதவுக்கு அந்த ஜோடி வயர் போவதே இல்லை, 'லின்' என்கிற ஒற்றை வயரில் முன் கதவு மாட்யூல் சொன்னால்தான் அதற்குத் தெரியும். முன்னது வாயை மூடினால் பின்னதும் காலி. சொல்லிவிட்டு, இடது முன் கதவின் கீல் பக்கம் வயர்களை மூடியிருக்கும் ரப்பர் உறையை உருவினார். அந்த 'கேன்' ஜோடி ஆரஞ்சு நிறம், அதில் ஒரு வயர், மேல் தோல் நன்றாகத்தான் இருக்கிறது, இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்கிறது, உள்ளே செம்பு அறுந்திருக்கிறது. ஒட்டு போட்டு என் பழைய மாட்யூலையே மாட்டினார், நாலு கதவும் வேலை செய்தன!

18,500 ரூபாய் மாட்யூலையும் ஒருமுறை மாட்டிப் பார்த்தோம். முன் கண்ணாடி இறங்கியது, பின் கதவு செத்தே கிடந்தது. எண் ஸ்டிக்கரின் ஓரம் தூக்கியிருந்ததால் நகத்தால் உரித்தேன், அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் வேறு எண். பின் பவர் விண்டோ இல்லாத மாடலின் மாட்யூலாம். இதுவா ஒரிஜினல்? அந்த வீடியோ கூட மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்து எடுத்ததுதான், மாட்யூல் பேசுகிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. முதலில் ரப்பர் உறைக்குள் வயரைப் பாருங்கள். பாக எண் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். ஸ்கேனரில் மாட்யூல் பதில் சொல்வதைக் காட்டாதவனுக்குப் பணம் அனுப்பாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன், 18,500 திரும்பி வந்தால் இங்கேயே சொல்கிறேன்.